பியூஜோ, பியாங்கி, ராலே, கோகா மியாட்டா: டெல்டாவுக்கு எது தாங்கும்?

என் தங்கை மகன் நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கிறான். பழைய பந்தய சைக்கிள் ஒன்றை அங்கே வாங்கி, படிக்கிற காலம் முழுக்க அதில் ஓட்டி, முடிந்ததும் பாபநாசத்துக்கே கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறான். விற்பனைக்கு வந்த நான்கு வண்டிகளின் படத்தை அனுப்பி, "மாமா, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். பிரான்சின் பியூஜோ, இத்தாலியின் பியாங்கி, இங்கிலாந்தின் ராலே, நெதர்லாந்தின் பெயரில் ஜப்பானில் செய்யப்பட்ட கோகா மியாட்டா. நான்கும் 1970களின் கடைசியிலிருந்து 1980களின் நடுப்பகுதிக்குள் பிறந்தவை.

டெல்ஃப்ட்டில் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லியிருப்பேன். உயரத்துக்குப் பொருந்தினால் போதும். திரும்பி வந்த பிறகு தஞ்சாவூர், கும்பகோணம் சாலையில் ஓட வேண்டிய வண்டி என்றால் கேள்வியே வேறு. பாபநாசத்து சைக்கிள் கடைக்காரர் கையில் ஸ்பானரோடு உட்காரும்போது எந்த வண்டி அவருக்குக் கட்டுப்படும் என்பதுதான் என் அளவுகோல். வண்டியின் பெருமை அதற்கு அப்புறம்.

பெருமைக்கு நான்கிலும் குறைவில்லை. பியாங்கியில்தான் ஃபாஸ்டோ கோப்பி 1949இலும் 1952இலும் டூர் த பிரான்ஸ் வென்றார். பியூஜோவில் பெர்னார் தெவனே 1975, 1977 ஆண்டுகளில் வென்றார். 1980இல் வென்ற யோப் சூட்டமெல்க் ஓட்டியது டி.ஐ. ராலே அணிக்காக. அந்த டி.ஐ. நமக்குத் தெரியாத பெயர் அல்ல. பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனம்தான் அது. 1949இல் முருகப்பா குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியதும் அதே நிறுவனம்தான். பந்தய சைக்கிள்களின் புகழ்பெற்ற ரெனால்ட்ஸ் 531 குழாயைச் செய்த ரெனால்ட்ஸும் அதன் குடையின் கீழ்தான் இருந்தது. தாத்தா ஓட்டிய அம்பத்தூர் ஹெர்குலிஸுக்கும் சூட்டமெல்க்கின் வண்டிக்கும் ஒரு வகையில் பங்காளி உறவு உண்டு.

இனி மரைக்கு வருகிறேன். வண்டியின் தலையெழுத்து பெடல் அச்சு சுழலும் கப்பின் மரையில் இருக்கிறது. ஆங்கிலேய முறையில் அதன் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலப்பக்கக் கப்பு இடது மரை, அதாவது சாதாரணத் திருகுக்கு எதிர்த்திசையில் இறுகுவது. நம் ஊர் சைக்கிளிலும் செயின் பக்கத்துக் கப்பு இடது மரைதான். கடைக்காரர் யோசிக்காமலே கையை அந்தப் பக்கம் திருப்புவார். பிரெஞ்சு முறையில் விட்டம் 35 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர், இரண்டு பக்கமும் வலது மரை. இத்தாலிய முறையில் விட்டம் 36 மில்லிமீட்டர், அதிலும் இரண்டு பக்கமும் வலது மரை.

இதன் விளைவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். பியூஜோ ஓவராயிலுக்கு வருகிறது. கடைக்காரர் வழக்கம்போல் செயின் பக்கத்துக் கப்பைக் கழற்றுவதாக நினைத்துத் திருப்புகிறார். அது இறுகுகிறது. துருப்பிடித்திருக்கிறது என்று மண்ணெண்ணெய் விட்டு, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இன்னும் இறுக்குகிறார். எப்படியோ கழன்றுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து இடப்பக்கத்தில் ஆங்கிலேய மரைக் கப்பைப் போட்டுப் பார்ப்பார். 1.37 அங்குலம் என்பது 34.8 மில்லிமீட்டர், பிரெஞ்சுக்காரனுடையது 35. வித்தியாசம் நகக்கண் அளவுகூட இல்லை. ஆகவே கப்பு உள்ளே போகத் தொடங்கும், இரண்டு சுற்று ஏறும், அதன் பிறகு சிக்கிக்கொண்டு பிரேமின் மரையையே தின்றுவிடும். மரை போன பிரேமை வைத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்தில் கொக்கி மாட்டலாம்.

பியூஜோவின் சங்கடம் அதோடு முடியவில்லை. பெடல் மரை 14 மில்லிமீட்டர், பிரீவீல் மரை தனி, ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டும் 22 மில்லிமீட்டர். மற்றவர்களுடையது 22.2. கியர் மாற்றும் சிம்பிளெக்ஸ் கருவியைப் பல மாடல்களில் டெல்ரின் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். வயதானால் அது வெடிக்கும். 1980களில் அந்த நிறுவனம் மெல்ல மற்ற மரைகளுக்கு மாறியது உண்மை. ஆனால் மருமகன் அனுப்பிய படத்தில் இருப்பது 1970களின் வண்டி. ஓட்ட இதமாக இருக்கும், விலையும் நான்கில் குறைவுதான். அங்கேயே வாங்கி, ஓட்டி, அங்கேயே விற்றுவிட்டு வருகிறவனுக்கு நல்ல வண்டி. பெட்டியில் கட்டி எடுத்துவருகிறவனுக்கு வேண்டவே வேண்டாம்.

பியாங்கி மேல்தான் அவனுக்குக் கண். அந்த இளம்பச்சை கலந்த வான்நீலத்தைப் பார்த்தால் யாருக்கும் கண் போகும். கொலம்பஸ் குழாய், காம்பாக்னோலோ கியர். குறை சொல்ல முடியாத வேலைப்பாடு. காம்பாக்னோலோ சக்கரத்தின் நடுக்குடத்தைத் திறந்தால் உள்ளே கோனும் பால்ரஸ் குண்டும்தான். நம் ஊர் கைக்குப் பழகிய வேலை, கிரீஸ் மாற்றித் தந்துவிடுவார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இத்தாலிய மரையில் வலப்பக்கக் கப்பு மிதிக்க மிதிக்கத் தளர்கிற சுபாவம் உடையது. அந்த மரை கெட்டால் பெரிதாக்கி மறுமரை போடவும் வழியில்லை. ஆங்கிலேய மரை கெட்டால் அதை இத்தாலிய அளவுக்குப் பெரிதாக்கிப் பிழைக்கலாம். இத்தாலிய மரைக்கு மேலே போக இடமில்லை.

அடுத்தது டயர். அவன் பார்த்த பியாங்கியில் இருப்பது ரிம்மில் பசை போட்டு ஒட்டும் வகை. உள்ளே டியூபை வைத்து டயரையே தைத்திருப்பார்கள். பஞ்சரானால் ரிம்மிலிருந்து உரித்து, தையலைப் பிரித்து, டியூபை ஒட்டி, மறுபடி ஊசி நூலால் தைத்து, மறுபடி பசை பூச வேண்டும். வாய்க்கால் கரைச் சாலைகளில் சீமைக் கருவேல முள் எப்படிக் கிடக்கும் என்று அவனுக்கே தெரியும். பஞ்சர் கடைக்குப் போனால் "தம்பி, தையல் கடை அடுத்த தெரு" என்பார்கள். சக்கரத்தையே மாற்றி, டியூப் தனியாக இருக்கும் 700சி அளவு டயர் போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் 1980களின் இத்தாலியப் பந்தய பிரேம்களில் டயருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழையாது. பல வண்டிகளில் 25 மில்லிமீட்டருக்கு மேல் டயர் ஏறாது. அந்த அகலத்தில் கும்பகோணம் புறவழிச் சாலையில் போகலாம். அய்யம்பேட்டை உள்ளூர்ச் சாலைகளில் பல் ஆடும்.

ராலேயின் டயர் கதை வேறு மாதிரி. அது 27 அங்குலச் சக்கரம். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். நம் ஊர் 28 அங்குல சைக்கிளில் அது 635. கடைக்காரர் கண்ணளவில் "ஏறும்" என்பார். ஏறவும் செய்யும். 5 மில்லிமீட்டர் தளர்ந்த டயர், காற்று அழுத்தம் கூடினால் ரிம்மிலிருந்து பிதுங்கிக் கழன்றுவிடும். அதை ஒருநாளும் செய்யக் கூடாது. சரியான வழி 700சி சக்கரம், அதாவது 622. பிரேக் கட்டையை 4 மில்லிமீட்டர் கீழே இறக்கினால் போதும். பழைய ராலேயின் பிரேக்குகளில் அந்த இடம் தாராளமாக இருக்கிறது. கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள்கள் வந்த பிறகு தஞ்சாவூர், திருச்சியில் 700சி டயருக்குத் தட்டுப்பாடு இல்லை. அதே பிரேமில் 32 மில்லிமீட்டர் டயரும் போகும், மட்கார்டு மாட்டக் கண்ணும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்கார்டு இல்லாமல் போனால் முதுகில் சேற்றுக்கோலம் விழும்.

எல்லா ராலேயும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாட்டிங்காமில் கூட்டம் கூட்டமாகச் செய்த மலிவு வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை போட்டார்கள். ஆங்கிலேய வண்டிதானே என்று 24 மரைக் கப்பை வாங்கி வந்தால் ஏறாது. 531 ஸ்டிக்கர் ஒட்டிய மேல்தட்டு மாடல் என்றால் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை. மலிவு ராலேக்கும் ஒரு சௌகரியம் உண்டு. கிராங்கைக் காட்டர் பின் வைத்து அடித்திருப்பார்கள். அந்த வேலை தெரியாத கடை டெல்டாவில் கிடையாது. எடைதான் கூடும்.

கோகா மியாட்டாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுதான் அதன் சிறப்பு. 1974இல் நெதர்லாந்தில் தொடங்கிய நிறுவனம், பிரேம் செய்தது ஜப்பானின் மியாட்டா. ஆங்கிலேய மரை, ஷிமானோ கியர், 700சி சக்கரம், பிரேசிங் முறையில் துல்லியமாகப் பற்றவைத்த மூட்டுகள். இந்த நால்வரில் இதற்குத்தான் காவியம் கிடையாது. ஐரோப்பியர்கள் ஜப்பானிய வண்டியை உணர்ச்சியில்லாத சரக்கு என்று சொல்வதால் தரத்துக்கு விலை குறைவாகவே நிற்கிறது. 1985க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியதும் இந்த வகை ஜப்பானிய வண்டிகளின் பொற்காலம் முடிந்தது. அதற்கு முந்தியவை இன்றும் கடிகாரமாக ஓடுகின்றன.

கியரைப் பற்றி மூச்சுப் பிடிக்க வேண்டியதில்லை. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை மேடு என்றால் ரயில்வே மேம்பாலமும் ஆற்றுப் பாலமும்தான். பத்து கியரில் பாதிகூடத் தேவைப்படாது. வளைந்த ஹேண்டில்பார் மட்டும் உண்மையிலேயே உதவும். ஆடிக் காற்றில் எதிர்த்து மிதிக்கும்போது குனிந்துகொள்ளலாம். கியரில் ஒரே ஒரு எச்சரிக்கை: அறுவடைக் காலத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். வைக்கோல் பின்பக்கக் கியர் மாற்றியின் சின்னப் பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் செயின் இறுகி, அந்த மாற்றியே போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். நான்கு வண்டிக்கும் இது பொது. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை, நெல்லுக்கும் வண்டிக்கும்.

உயரம் இன்னொரு முக்கியமான சங்கதி. டச்சுக்காரர்கள் பனைமரம். அங்கே பழைய சந்தையில் கிடைப்பதில் 58, 60 சென்டிமீட்டர் பிரேம்கள் மலிந்து கிடக்கும். ஐந்தரை அடிப் பையனுக்கு 52லிருந்து 54 வரைதான் சரி. பியாங்கி படத்தில் சீட்டு ஏறக்குறைய மேல்குழாயிலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. அளந்து கேள் என்றேன். 59 என்று பதில் வந்தது. "சீட்டை இறக்கினால் ஆகாதா மாமா?" என்கிறான். ஆகும், பிரேக் பிடித்து நிற்கிற ஒவ்வொரு தடவையும் பார் மேல் உட்கார வேண்டியிருக்கும்.

எதை எடுத்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கையாலும் கண்ணாலும் பார்த்துவிட வேண்டும். முன்பக்கம் மோதிய வண்டி என்றால் ஹேண்டில்பார் தலைக்குப் பின்னால், மேல்குழாயிலும் கீழ்க்குழாயிலும் பெயிண்ட் சுருக்கம் விழுந்திருக்கும். வெயிலில் சாய்த்து, குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் மேடு தட்டுப்படும். அப்படி இருந்தால் விலையைப் பேசாமல் நடந்துவிட வேண்டும். சீட்டுத் தண்டும் ஹேண்டில் தண்டும் அசைகின்றனவா என்று தளர்த்திப் பார்க்க வேண்டும். இரும்புக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பல வருடம் கிடந்தால் ஒட்டிப்போய்விடும். நல்ல பந்தயக் குழாயின் நடுப்பகுதி 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான். உள்ளே துரு இருந்தால் நாகப்பட்டினத்து உப்புக்காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

திருட்டு வண்டியா என்பதையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் பிரேம் எண்ணை வைத்து, திருட்டுப் புகார் பதிவானதா என்று இணையத்திலேயே சரிபார்க்கலாம். விற்றவர் பெயர், பிரேம் எண், தொகை மூன்றும் எழுதிய கைச்சீட்டு ஒன்று இருந்தால் விமான நிலையத்திலும் பதில் சொல்ல வசதி.

என் தீர்ப்பு கோகா மியாட்டா. அது கைநழுவினால் 531 ராலே, சக்கரத்தை 700சிக்கு மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு. பியாங்கிக்கு ஒரே ஒரு நியாயம் இருக்கிறது. இத்தாலியில் கையோலே ஊரில் 1997 முதல் நடக்கும் லெரோய்க்கா என்ற பழைய வண்டி ஓட்டத்தில் கலந்துகொள்ள ஆசை இருந்து, படிப்பு முடிந்தும் ஐரோப்பாவிலேயே வேலை கிடைத்தால் தாராளமாக எடுக்கலாம், 54 சென்டிமீட்டரில். அந்த ஓட்டத்துக்கு 1987க்கு முந்தைய வண்டி வேண்டும். இதைச் சொன்னதும் தங்கை, "அவன் அங்கேயே இருந்துவிடுவதற்கு நீங்களே வழி சொல்கிறீர்களா அண்ணா?" என்றாள். அத்தோடு பியாங்கிப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

கட்டி அனுப்பும்போது பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சக்கரம் கழற்றிய போர்க்கின் நடுவிலும் பின்பக்கத்திலும் ஒரு கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே வைக்கும் பெட்டிகளின் பாரத்தில் வளைந்துவிடும். சைக்கிள் கடைகளில் புது வண்டி வந்த அட்டைப்பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். வண்டி பத்துக் கிலோ சுமார்தான் இருக்கும், 23 கிலோ வரம்புக்குள் உதிரிப் பொருளுக்கும் இடம் மீதி இருக்கிறது. அந்த இடத்தில் அடைக்கச் சொன்னவை: இரண்டு 32 மில்லிமீட்டர் டயர், பெடல் அச்சுக்கு மூடிய வகைப் பால்ரஸ் தொகுதி ஒன்று, பந்தய பிரேக் பிடிக்கான கேபிள்கள் (இவற்றின் முனை வேறு மாதிரி, உள்ளூர் கேபிள் உட்காராது), புது பிரேக் கட்டைகள், மெல்லிய வால்வுக்கு உள்ளூர் பம்பை இணைக்கும் பித்தளைத் திருகு ஒரு கைப்பிடி. முக்கியமாக, அந்த வண்டியின் பிரீவீலுக்கே உரிய கழற்றும் கருவி. ஒவ்வொரு நிறுவனமும் பிரீவீலில் காடியை வேறு வேறு விதமாக வெட்டியிருக்கிறது. போக்ஸ் கம்பி ஒன்று செயின் பக்கம் அறுந்தாலும் பிரீவீலைக் கழற்றாமல் மாற்ற முடியாது. கருவி இல்லாமல் கடைக்குப் போனால் அவர் உளியையும் சுத்தியலையும்தான் எடுப்பார்.