விவிபேட் கருவி: ஏழு நொடியில் எவ்வளவு நம்பலாம்?

மின்னணு வாக்குப்பதிவில் ஓட்டு யாருக்கு விழுந்தது என்று சீட்டில் காட்டுவது விவிபேட். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்), ஹைதராபாத் இசிஐஎல் என்ற இரண்டு அரசு நிறுவனங்களும் தயாரிக்கும் இந்த ஒப்புகைச் சீட்டுக் கருவி, 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில்தான் முதலில் களமிறங்கியது. பட்டனை அழுத்தியதும் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் கொண்ட சீட்டு 7 நொடி தெரிந்து, அறுந்து உள்ளே விழும். கையில் தரமாட்டார்கள். தந்தால், ஓட்டுக்குக் காசு கொடுத்தவன் வாசலிலேயே அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பான்.

கண்ணாடி கருப்பு, உள்ளே விளக்கு எரியும்போது மட்டுமே சீட்டு தெரியும். பலரும் பட்டன் பக்கத்துச் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வடிவமைப்பில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

பூத்தில் வைக்கும் விதத்தாலும் பழுது வருகிறது. ஜன்னலுக்கு எதிரிலோ பல்புக்கு நேர் கீழேயோ வைத்தால் சென்சார் குழம்பும். 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் ஏராளமான கருவிகள் மக்கர் செய்ததற்கு அதிக வெளிச்சத்தைத்தான் தேர்தல் ஆணையம் காரணம் காட்டியது. பின்புறத் திருகும் முக்கியம்: கொண்டுபோகும்போது படுக்கைவாட்டம், வேலை செய்யும்போது செங்குத்து. இதை மாற்ற மறந்து 'மெஷின் ரிப்பேர்' என்று கூச்சல் போடுவதும் உண்டு. வாக்குப்பதிவின் நடுவே விவிபேட் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ, வாக்காளர் பட்டன் அழுத்தும் வாக்குப்பதிவுக் கருவியோ கெட்டால் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வாக்குப்பதிவு நாள் காலையில் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக்கையைச் சரிபார்த்து, கட்டுப்பாட்டுக் கருவியில் 'கிளியர்' அழுத்தி அவற்றை அழிக்க வேண்டும். பெட்டிக்குள் விழுந்த மாதிரிச் சீட்டுகளையும் எடுத்து, முத்திரை குத்தி, கருப்பு உறையில் சீல் வைக்க வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் எண்ணும் நாளில் கணக்கு உதைக்கும். வெளியே அது மோசடி என்றே பேசப்படும்.

சீட்டு மாறி விழுந்தது என்று வாக்காளர் சொன்னால் தேர்தல் நடத்தை விதிகளில் 49எம்ஏ விதி இருக்கிறது. எழுத்துமூலம் உறுதிமொழி தந்து, ஏஜென்ட்டுகள் பார்க்க ஒரு சோதனை ஓட்டுப் போட வேண்டும். புகார் உண்மையானால் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யானால் புகார் சொன்னவருக்குத் தண்டனை. சோதனையில் கருவி ஒழுங்காக நடந்துகொண்டால் முதல் ஓட்டில் நடந்ததை நிரூபிக்க வழியே இல்லை. இந்த நிலையில் யார் வாய் திறப்பார்கள்? புகார் குறைவு என்பதைக் கருவிக்கான நற்சான்றாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எண்ணிக்கையில், சட்டமன்றத் தொகுதிக்கு குலுக்கலில் விழும் 5 கருவிகளின் சீட்டுகளை மட்டும் கம்பிவலை அடைப்புக்குள் எண்ணுகிறார்கள். முழுவதையும் எண்ணச் சொன்ன கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. முடிவு வந்த 7 நாளுக்குள் 2-ம், 3-ம் இடம் பிடித்தவர்கள் 5 சதவீத மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சோதிக்கக் கேட்கலாம் என்றது. செலவு கேட்பவருடையது, முறைகேடு நிரூபணமானால் பணம் திரும்பும். சீட்டு எண்ணிக்கையும் கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணிக்கையும் முரண்பட்டால் சீட்டுக் கணக்கே செல்லும் என்பது 56டி விதி. ஆனால் சீட்டு எண்ணப்படும் அந்த 5 வாக்குச்சாவடிகளில் பதிவான ஓட்டுக் கணக்கைச் சொல்லும் 17சி படிவத்தின் நகல் கையில் இல்லாத ஏஜென்ட் எதை வைத்து ஒப்பிடுவார்? வாக்குப்பதிவு நாள் மாலையில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் அதைக் கையெழுத்துடன் வாங்காமல் பூத்தை விட்டுக் கிளம்பவே கூடாது.