கேட்ஸ்பி கட்டுரைக்கு எது: பச்சை விளக்கா, விளம்பரக் கண்களா?

1925-இல் வெளியான ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் ஒரு குறியீட்டை மட்டும் அலச வேண்டுமென்றால், பலரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். விளக்கு, நாயகன் கேட்ஸ்பியின் வீட்டுக்கு எதிர்க்கரையில், அவன் காதலிக்கும் டெய்சியின் வீட்டுப் படகுத்துறையில் எரிவது. கண்கள், கண் மருத்துவர் ஒருவரின் விளம்பரப் பலகையில் வரைந்த பெரிய கண்கள்.

வரும் அத்தியாயங்கள்
விளக்கு: 1, 5, 9.
கண்கள்: 2, 7, 8.

பொருள்
விளக்கு: இடத்துக்கு இடம் மாறும். முதலில் கேட்ஸ்பி இருட்டில் அதை நோக்கிக் கை நீட்டுகிறான். 5-இல் டெய்சி பக்கத்திலேயே நிற்க, அது படகுத்துறையில் எரியும் வெறும் விளக்காகிவிடுகிறது. இந்தச் சரிவைக் காட்டினாலே பாதிக் கட்டுரை தேறிவிடும்.
கண்கள்: அப்படியேதான் இருக்கும், பார்ப்பவர்தான் மாறுகிறார்.

சறுக்கல்
விளக்கு: ‘நம்பிக்கை’ என்று ஒரே சொல்லில் முடிப்பது.
கண்கள்: ‘கடவுள்’ என்று எழுதிவிடுவது. அப்படி நம்புவது மனைவியை இழந்த கார் பட்டறைக்காரன் வில்சன். அது விளம்பரம் என்று பக்கத்துக் கடைக்காரன் மைக்கேலிஸ் உடனே சொல்கிறான்.

கனவு, கடந்த காலம் பற்றி எழுத விளக்கு. ஒழுக்கச் சீரழிவு, வர்க்கம் என்றால் சாம்பல் வெளியோடு (அந்தப் பலகை நிற்கும், ஏழைகள் வாழும் சாம்பல் படிந்த பகுதி) சேர்த்துக் கண்கள்.