நியாய சன்ஹிதா புத்தகம் வாங்கும் முன் கடைசிப் பிரிவைப் பாருங்கள்

ஜூனியர் வக்கீல்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கோர்ட் பக்கத்துக் கடை ஒன்றில் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு (இந்திய தண்டனைச் சட்டமான ஐபிசி-க்குப் பதிலாக வந்த சட்டம்) விளக்க உரையோடு புத்தகம் கேட்டேன். "இதுதான் சார் லேட்டஸ்ட்" என்று பாலித்தீன் உறையோடு நீட்டினார் கடைக்காரர். அட்டையில் 'புதிய சட்டம்' என்று ஸ்டிக்கர். உறையைப் பிரித்தால் வாங்கியே ஆகவேண்டுமாம். நம்பி 650 ரூபாய் கொடுத்தேன்.

அடுத்த வாரமே ஒரு அம்மா வந்தார். மகனுக்கு வெளிநாட்டு வேலை என்று சொல்லி ஒருவன் 2 லட்சம் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். பிரைவேட் கம்ப்ளைண்ட் (கோர்ட்டில் நேரடியாகக் கொடுக்கும் புகார் மனு) தயாரித்தேன். பழைய ஐபிசி 420-க்கு அந்தப் புத்தகத்தில் 316 என்று இருந்தது, அதையே போட்டுத் தாக்கல் செய்தேன். மனு ரிட்டர்ன் ஆகிவிட்டது. சட்டத்தில் 316 என்பது நம்பிக்கை மோசடி. ஏமாற்றுதல் 318, பழைய 420-க்கு நிகரானது 318(4). திருத்திய மனுவில் கையெழுத்துப் போட அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

புத்தகத்தைப் புரட்டிய சீனியர் உடனே கண்டுபிடித்துவிட்டார். 2023 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான முதல் மசோதாவை அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டது. டிசம்பரில் புது மசோதா வந்து நிறைவேறி, 1 ஜூலை 2024 முதல் அமலில் இருக்கிறது. இடையில் எண்கள் நகர்ந்துவிட்டன. கொலைக்கான தண்டனை மசோதாவில் 101, சட்டத்தில் 103.

ஆகவே கடையிலேயே கடைசிப் பிரிவைப் பாருங்கள். நியாய சன்ஹிதா 358-இல் முடியவேண்டும், 356 என்றால் அது மசோதா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் (சிஆர்பிசி) பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 531-இல் முடியவேண்டும், 533 என்றால் வேண்டாம். நியாய சன்ஹிதாவின் 106(2) (விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் தப்பும் ஓட்டுநருக்கான பிரிவு) இன்னும் அமலுக்கு வராதபோதே அச்சான பதிப்பானால், அதைச் சொல்லும் அடிக்குறிப்பு அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். உறையைப் பிரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

முதல் வருடத்தில் விளக்க உரையைவிட நல்ல பேர் ஆக்டும் (உரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) பழைய-புதிய பிரிவு ஒப்பீட்டு அட்டவணையும்தான் அவசியம் என்பது என் கருத்து. சிஆர்பிசி 482 என்றாலே நமக்கு எஃப்ஐஆரை ரத்து செய்யும் மனுதான் நினைவுக்கு வரும். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 528, 482 என்பது முன்ஜாமீன். சட்ட வாசகம் அரசின் இந்தியா கோடு (India Code) தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய ஐபிசி புத்தகத்தையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்கு அதுதான்.

கடைக்காரர் பணத்தைத் தர மறுத்துவிட்டார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருக்கிறதாம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். நேற்று அந்த வழியாகப் போனபோதும் அதே ஸ்டிக்கர் ஒட்டிய பிரதிகள் அலமாரியில் இருந்தன.