செயின்சா எஞ்சினுக்கு ‘ஃபுல் செட்’ வாங்கப்போகிறவர்கள் கவனத்திற்கு

ஆனைமலை வட்டாரத்தில் வேர் வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அகற்றும் வேலை தொடர்வதால், எங்கள் பக்கத்தில் பலர் சொந்தமாக செயின்சா (மரம் அறுக்கும் எஞ்சின் வாள்) வைத்திருக்கிறோம். எஞ்சின் சூடேறி இறுகிவிட்டால் அனைவரும் தேடுவது ‘ஃபுல் செட்’ என்ற பெயரில் விற்கப்படும் சிலிண்டர், பிஸ்டன் தொகுப்பைத்தான். என்னுடைய ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 250 இயந்திரத்துக்கு கோவையில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் அப்படியொரு தொகுப்பை வாங்கி நான் ஏமாற்றப்பட்ட விதத்தை, முதன்முறையாக எஞ்சினைப் பிரிக்க இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடையின் பெயரை வேண்டுமென்றேதான் தவிர்க்கிறேன்.

கடைக்காரர் சைலன்சரைக் கழற்றி, பிஸ்டனில் இருந்த கோடுகளைக் காட்டி, “சிலிண்டர் போச்சுங்க, புதுசுதான்” என்றார். தேவையான கருவிகளும் தொகுப்பிலேயே இருப்பதாகவும், கழற்றிய பழைய சிலிண்டரைக் கொண்டுவந்து கொடுத்தால் ஐந்நூறு ரூபாய் திருப்பித் தருவதாகவும் சொன்னார். பிரச்சினையின் வேரே அந்தப் பழைய சிலிண்டர்தான். இத்தகைய சிலிண்டர்களின் உட்சுவரில் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமான நிக்கல் பூச்சு இருக்கும். பிஸ்டன் இறுகும்போது பெரும்பாலும் தேய்வது பிஸ்டனே. அதன் அலுமினியம் சுவரில் அப்பிக்கொண்டு, பார்வைக்குக் கீறல்போலத் தெரியும். நகத்தை ஓட்டிப் பார்க்கும்போது மேடாகத் தட்டுப்பட்டால் அது அப்பிய அலுமினியம். பள்ளத்தில் நகம் மாட்டினால்தான் சிலிண்டர் உண்மையில் போய்விட்டது. அப்பியதை, பஞ்சு சுற்றிய குச்சியால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தொட்டு, பூச்சில்லாத துவாரப் பகுதிகளில் படாமல் கரைத்து, நன்றாகக் கழுவிவிடலாம் (காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி ஆகியவை கட்டாயம்). என் பழைய சிலிண்டர் அப்படிச் சுத்தம் செய்யப்பட்டு வேறொருவருக்கு நல்ல விலைக்குப் போனதாக, அந்தக் கடையில் முன்பு வேலை பார்த்த மெக்கானிக்கே பின்னர் என்னிடம் சொன்னார்.

புதிதாக வந்த சிலிண்டரை வெர்னியரால் அளந்தபோது உள்விட்டம் 40 மி.மீ. இருந்தது. எம்எஸ் 250-க்கு வேண்டியது 42.5 மி.மீ.; 40 என்பது எம்எஸ் 230-இன் அளவு. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 32 மி.மீ. என்பதால் மாட்டினால் பொருந்தும், ஓடவும் ஓடும், ஆனால் 45.4 சிசி எஞ்சின் 40.2 சிசி ஆகிவிடும். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ‘250’ ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினால் அடியில் வேறொரு ஸ்டிக்கர் இருந்தது. சண்டை போட்ட பிறகு மாற்றித் தந்த சிலிண்டரின் அளவு சரிதான் என்றாலும், புகை வெளியேறும் துவாரத்தின் ஓரத்தில் விரலை ஓட்டியபோது பூச்சு பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதில் மாட்டினால் முதல் நாளிலேயே உடைந்துவிடும்.

‘கருவிகள்’ என்றவை அதைவிட மோசம். டார்க்ஸ் டி-27 சாவி (நட்சத்திர முனை கொண்டது) முதல் இறுக்கமான ஸ்க்ரூவிலேயே முனை மழுங்கியது. கிளட்சைக் கழற்றும்போது எஞ்சின் சுழலாமல் தடுக்க பிளக் துவாரத்தில் திருகும் பிஸ்டன் ஸ்டாப்பர் கூரான இரும்பு. அதைப் போட்டு கிளட்சைக் கழற்றினால் பிஸ்டனின் தலையில் குழி விழும். அதற்குப் பதிலாக, பிஸ்டன் மேலேறி துவாரங்களை மூடிய பிறகு நைலான் கயிற்றைப் பிளக் துவாரத்தில் திணித்தாலே போதும். கிளட்சுக்கு இடது மரை என்பதால் வழக்கத்துக்கு மாறாக வலப்புறம் திருகித்தான் கழற்ற வேண்டும். அதைச் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டுகூடப் பெட்டியில் இல்லை. இந்த மாடலில் சிலிண்டரும் அடித்தட்டும் கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) இல்லாமல், சூடும் பெட்ரோலும் தாங்கும் பசையால் ஒட்டப்படுபவை. தொகுப்பில் வேறு ஏதோ மாடலின் கேஸ்கெட்டுகள் தாராளமாக இருந்தன. பசையோ, கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் ஆயில் சீல்களோ இல்லை.

ஆயில் சீல் சிறு பொருள் அல்ல. அது இறுகி வெடித்துக் காற்று கசிந்தால் எரிபொருள் கலவை மெலிந்து, புதிய பிஸ்டனும் அதே வழியில் போகும். ஆகையால் கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் அடைத்து, 0.5 பார் அழுத்தமும் அதே அளவு வெற்றிடமும் கொடுத்து, அளவுமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கும் கைப்பம்பைத்தான் முதலில் வாங்க வேண்டும். கடைக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் கம்பெனி சர்வீஸ்காரர்கள் செய்கிற வேலை என்று சிரித்தார்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தவரிடம் பில் கேட்டபோதுதான், அவர் தந்திருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட சீட்டு என்பதைக் காட்டி, தான் எதையும் விற்கவே இல்லை என்று வாதிட்டார். யுபிஐ-இல் பணம் அனுப்பிய பதிவும், பெட்டியின் இரண்டு ஸ்டிக்கர்களையும் எடுத்த படங்களும் இருப்பதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.