பி.எச்.டி.எல்.எஸ். இரண்டு நாள் பயிற்சி: நம் ஆம்புலன்ஸுக்குள் எவ்வளவு தேறும்?

அடிபட்டவரை மருத்துவமனை வாசல்வரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை மட்டுமே சொல்லிக்கொடுக்கும் வகுப்பு பி.எச்.டி.எல்.எஸ். அமெரிக்காவின் தேசிய இ.எம்.டி. (ஆம்புலன்ஸில் அவசரச் சிகிச்சை தரும் பணியாளர்) சங்கம், அந்நாட்டு அறுவை மருத்துவர் அமைப்பின் விபத்துக் காயக் குழுவோடு சேர்ந்து உருவாக்கியது. 16 மணி நேரம், இரண்டு நாள். தேறினால் 4 ஆண்டு செல்லும் அட்டை. இந்தியாவிலும் பயிற்சி மையங்கள் உண்டு. 108 வண்டியில் போகிறவர்களும், தனியார் ஆம்புலன்ஸில் இருப்பவர்களும், அவசரப் பிரிவு செவிலியர்களும் இதற்குப் பணமும் இரண்டு நாள் விடுப்பும் செலவழிக்கலாமா? செலவழிக்கலாம். ஆனால் தனியாகப் போய்ச் சேர்ந்தால் பாதிப் பலன்தான்.

இதன் வேர் 1976இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நெப்ராஸ்கா மாநிலத்து வயலில் ஒரு சிறு விமானம் விழுந்தது. ஓட்டிவந்தவர் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு மருத்துவர். மனைவி அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகளுக்கு உள்ளூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையைப் பார்த்து நொந்துபோன அவர் தொடங்கிவைத்த முயற்சிதான் மருத்துவர்களுக்கான ஏ.டி.எல்.எஸ். என்ற விபத்துக் காய வகுப்பு ஆனது; முதல் வகுப்பு 1978இல் நடந்தது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்து என்று அது சொல்லும் வரிசையை அப்படியே சாலைக்கு இறக்கியதுதான் பி.எச்.டி.எல்.எஸ். இதைப் பழங்கதை என்று தள்ள முடியாது. கேஷுவால்ட்டி மருத்துவர் எந்த வரிசையில் யோசிக்கிறாரோ அதே வரிசையில் ஆம்புலன்ஸ்காரரும் யோசிப்பார் என்பதுதான் இந்த வகுப்பின் பெரிய பலம். நாட்டு வழக்கத்துக்கு ஏற்ப நூறு முறைகள் இருக்கலாம். இரு தரப்புக்கும் பொதுவான வரிசை கிடைப்பது அரிது.

அந்த வரிசை எக்ஸ்-ஏ-பி-சி-டி-இ: ஏ மூச்சுப்பாதை, பி மூச்சு, சி ரத்த ஓட்டம், டி நினைவு நிலை, இ துணியை விலக்கி உடம்பு முழுக்கப் பார்ப்பது. முன்பு மூச்சுப்பாதைதான் முதலில் வந்தது. ஒன்பதாம் பதிப்பிலிருந்து அதற்கும் முன்னால் எக்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது: பீறிட்டு ஓடும் ரத்தத்தை முதலில் நிறுத்து. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் ஆள் போய்விடுவார். அந்த நேரத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ரத்தத்தை நிறுத்தக் கை, காலில் இறுக்கும் பட்டையான டூர்னிகெட்டைப் பழகும் மேசைதான் வகுப்பில் மிகப் பிரயோசனமானது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, காயம் எங்கே என்று தெரியாவிட்டால் கை தோளோடும் கால் இடுப்போடும் சேரும் பக்கமாக, முடிந்த அளவு மேலே. முழங்கால், முழங்கை மூட்டின் மீது கட்டக்கூடாது. பேன்ட் பாக்கெட்டில் போனோ சாவியோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். அதன் மீது கட்டினால் அழுத்தம் சீராக விழாது. தோற்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது ஒரே இடத்தில்: பட்டையின் தளர்வை முழுதாக இழுக்காமல் திருகுகோலைச் சுழற்றத் தொடங்குவது. தளர்வு போக இழுத்திருந்தால் சுமார் மூன்று சுற்றிலேயே ரத்தம் நிற்கும். இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கலாம், ரத்தம் நிற்காது.

அரைகுறையாக இறுக்குவது கட்டாமல் விடுவதைவிட மோசம். சிரை அடைபடும், தமனி அடைபடாது. உள்ளே வரும் ரத்தம் திரும்பிப் போக வழியின்றிக் காயம் வழியாகவே வெளியேறும். ஆகவே ரத்தம் நின்றதா என்று மட்டும் பார்க்காமல், கீழே பல்ஸ் போய்விட்டதா என்றும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒன்று போதாவிட்டால் அதை அவிழ்க்காமல் அதற்கு மேலே ஒட்டியே இரண்டாவது. கட்டிய மணியை எழுதி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பெரும்பாலும் கைகாலுக்குக் கேடில்லை. வழியில் ‘கொஞ்சம் தளர்த்திப் பார்க்கலாம்’ என்ற பழைய பழக்கம் அறவே கூடாது.

டூர்னிகெட் கட்ட முடியாத இடங்களான தொடையிடுக்கு, அக்குள் ஆகியவற்றில் காஸ் துணியைக் காயத்தின் அடிவரை விரலால் திணித்து அழுத்த வேண்டும். ரத்தம் உறைய வைக்கும் மருந்திட்ட காஸ் என்றால் 3 நிமிடம், சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம். நம் வண்டிகளில் பெரும்பாலும் சாதாரண காஸ்தான். பத்து நிமிடம் என்பது கடிகாரத்தைப் பார்த்து அழுத்தினால்தான் தெரியும் எவ்வளவு நீளம் என்று. இரண்டு நிமிடத்திலேயே எல்லோரும் தூக்கிப் பார்த்துவிடுகிறார்கள்.

இன்னொரு நல்ல அம்சம், ‘கொள்கை வேறு, விருப்பம் வேறு’ என்ற பிரிப்பு. மூச்சுப்பாதை திறந்திருக்க வேண்டும் என்பது கொள்கை. தாடையை உயர்த்துவதா, வாய்க்குழாய் போடுவதா, அதற்கு மேலே போவதா என்பது இடம், கருவி, ஆள்பலம், தெரிந்த வித்தை பொறுத்த விருப்பம். பொருள் குறைவான வண்டியில் வேலை செய்கிறவருக்கு இது பெரிய ஆறுதல். இடுப்பெலும்பு உடைந்தால் இறுக்கும் பட்டையான பெல்விக் பைண்டர் இல்லையா? போர்வையை மடித்துக் கட்டலாம். ஆனால் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் கட்டாமல், தொடையெலும்பின் மேல்முனை இரு பக்கமும் துருத்தும் இடத்தில் கட்ட வேண்டும். அந்த இட வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே கட்டினால் உடைந்த எலும்பு இன்னும் விரியலாம். இடுப்பை ஆட்டிப் பார்த்துச் சோதிப்பதும் கூடாது.

முதுகெலும்பு விஷயத்தில் பழைய ஆட்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. அடிபட்ட எல்லோரையும் ஸ்பைன் போர்டில் கட்டு என்ற காலம் போய்விட்டது. போர்டு என்பது வண்டியின் இடிபாட்டிலிருந்து ஆளை எடுக்கும் பலகை. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றிய பிறகு அதன் வேலை முடிந்தது. கத்திக்குத்து, துப்பாக்கிக் காயங்களுக்குப் போர்டு தேடி நேரம் கழிப்பது நோயாளிக்குக் கேடு. கட்டத்தான் வேண்டும் என்றால் உடம்பை முதலில், தலையைக் கடைசியில். தலையை முதலில் கட்டிவிட்டு உடம்பு நழுவினால் திரும்புவது கழுத்து.

சம்பவ இடத்தில் 10 நிமிடத்துக்கு மேல் நிற்காதே என்பது அடுத்த கண்டிப்பு. ரத்தம், மூச்சு, மார்பில் திறந்த காயம், கழுத்து: இவை சாலையில். ஐ.வி. லைன், இரண்டாவது பி.பி., தலைமுதல் கால்வரை பரிசோதனை, மருத்துவமனைக்கு போன்: இவை ஓடும் வண்டியில். சாலையோரத்தில் நரம்பு தேடி ஐந்து நிமிடம் செலவழிப்பதுதான் இங்கே அதிகம் காணும் தவறு. திரவம் ஏற்றுவதிலும் கை அடக்கம் வேண்டும். ரத்தம் உள்ளே கசியும் ஆளுக்கு மேல் பி.பி. 80-90 இருந்தால் போதும், 250 மி.லி. வீதம் கொடுத்துப் பார்ப்பது. தலையில் அடி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே 110க்குக் குறையவிடக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் எழுத்துத் தேர்விலும் விழுவார்கள், சாலையிலும் விழுவார்கள்.

ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் பற்றியும் வகுப்பு பேசுகிறது. 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்த, 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வின் வழி வந்தது: 1 கிராம், 10 நிமிடத்தில், அடிபட்ட 3 மணி நேரத்துக்குள். அதற்குப் பிறகு கொடுத்தால் நன்மை இல்லை, தீமைகூட உண்டு. வண்டியில் கொடுக்கலாமா என்பதை உங்கள் சேவையின் மருத்துவ விதிமுறைதான் முடிவு செய்யும். மார்பில் ஊசி குத்திக் காற்று இறக்குவதும் அப்படியே. அட்டை கிடைத்ததால் அதிகாரம் கிடைத்துவிடாது.

உடம்புச் சூடு பகுதியைச் சென்னை வெயிலில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டும். ரத்தம் இழந்தவரை, நனைந்த துணியோடு, ஏ.சி. ஓடும் வண்டியில் படுக்கவைத்தால் ஏப்ரலிலும் குளிர்ந்துவிடுவார். குளிர்ந்த உடம்பில் ரத்தம் சரியாக உறையாது. ஈரத்துணியை வெட்டி எடு, போர்வை போர்த்து, ஏ.சி.யைக் குறை. செலவில்லாத சிகிச்சை இது.

இனி குறைகள்.

முதல் குறை ஆள் கணக்கு. தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பர் 15 முதல். வண்டிக்கு ஒரு இ.எம்.டி., ஒரு பைலட் (ஓட்டுநர்). வண்டி கிளம்பிவிட்டால் பின்னால் இருப்பது ஒரே ஆள். வகுப்பிலோ ஒரு மேசைக்கு நான்கைந்து பேர்: ஒருவர் கழுத்தைப் பிடிக்க, ஒருவர் ஆம்பு பேக் (மாஸ்க் வழியே மூச்சு கொடுக்கும் பை) அழுத்த, ஒருவர் ஐ.வி. போட. ஆம்பு பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடித்து இன்னொருவர் பையை அழுத்துவதுதான் சரியான முறை. ஒற்றை ஆள் செய்தால் மாஸ்க் ஓரம் காற்று கசியும். பதற்றத்தில் வேகமாக அழுத்துவார். பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு முறை, மார்பு லேசாக எழும் அளவு மட்டுமே. தலைக்காயத்தில் அதைவிட வேகமாக அழுத்தினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். கடைசிப் பயிற்சிக் காட்சியையாவது இரண்டே ஆளை வைத்து நடத்தச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பயிற்றுநர் மறுக்கமாட்டார். பைலட்டையும் வகுப்பில் உட்கார வையுங்கள். டூர்னிகெட், ஹெல்மெட் கழற்றுவது, ஸ்கூப் ஸ்ட்ரெச்சரில் தூக்குவது மூன்றும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஹெல்மெட் கழற்றுவது இரண்டு ஆள் வேலை. ஒருவர் தலையை அசையாமல் தாங்காவிட்டால் இன்னொருவர் எவ்வளவு மெதுவாக இழுத்தும் பயனில்லை.

இரண்டாவது, பாடநூல் தடித்த ஆங்கில நூல். முன்தேர்வுக்கு முன்பே படித்துவிட்டு வர வேண்டும். முதல் நாள் காலையில் புத்தகத்தைப் பிரித்தால் எட்டாது.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் ஆபத்தானது: சிலிண்டர். அமெரிக்க நூல்களில் ‘டி’ சிலிண்டர் என்றால் ஏறத்தாழ 400 லிட்டர், கையில் தூக்கும் குட்டி. இங்கே ‘டி’ டைப் என்றால் 7,000 லிட்டர், ஆளுயரம். நம்மூர் ‘பி’ டைப் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்தால் நிறைந்த சிலிண்டர் 100 நிமிடம் வரும். அமெரிக்கக் கணக்கை மனப்பாடம் செய்துகொண்டு நீண்ட தூரப் பயணத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

பாம்புக்கடி, பூச்சிமருந்து, பிரசவம், மாரடைப்பு எதுவும் இந்த வகுப்பின் மையம் அல்ல. அவற்றுக்கு வேறு வகுப்பு வேண்டும்.

பாதிப் பலன் என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் ஒப்படைப்பு. வண்டியில் எல்லாம் சரியாகச் செய்தும், கேஷுவால்ட்டி வாசலில் ‘ஆக்சிடெண்ட் கேஸ் சார்’ என்று மட்டும் சொல்லி ஸ்ட்ரெச்சரைத் தள்ளினால் பாதி போய்விடும். வகுப்பில் சொல்லித்தரும் மிஸ்ட் முறை நான்கே விஷயம்: எப்படி அடிபட்டது, எங்கே காயம், அளவுகள் என்ன, என்ன செய்தோம். “ஆண், சுமார் 35. பைக், லாரி மோதல், 25 நிமிடம் முன்பு, ஹெல்மெட் இருந்தது. இடது தொடையில் ஆழமான வெட்டு, வேறு காயம் தெரியவில்லை. பல்ஸ் 124, பி.பி. 90, ஜி.சி.எஸ். (நினைவு நிலை அளவு) 15. டூர்னிகெட் 7.40க்கு, ஆக்சிஜன், ஒரு ஐ.வி. லைன்.” அரை நிமிடம். ஆனால் கேட்கிறவருக்கு இந்த முறை தெரியாவிட்டால் நடுவில் ஐந்து கேள்வி கேட்பார், வரிசை உடையும்.

அதனால்தான் கலப்பு அணியாகச் சேர்வது நல்லது. ஒரே மருத்துவமனைக்கு அடிக்கடி போகிற இரண்டு மூன்று வண்டிகளின் இ.எம்.டி.களும் பைலட்டுகளும், அங்கே டிரையாஜ் (அவசரத்தின் அளவைப் பார்த்து நோயாளிகளைப் பிரிப்பது) பார்க்கும் செவிலியர் இருவர், பணி மருத்துவர் ஒருவர். தமிழ்நாட்டில் இதற்கான தளம் ஏற்கெனவே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ‘டேய்’ (TAEI) என்ற தமிழ்நாடு விபத்து, அவசரச் சிகிச்சைத் திட்டத்தின் சிவப்பு, மஞ்சள், பச்சை டிரையாஜ் உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தருகிறது. வழியிலிருந்தே போன் செய்தால் சிவப்புப் படுக்கை காத்திருக்கும். ஆனால் அந்த போனில் என்ன சொல்வது என்று இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை ரோந்து போலீஸுக்கும் தீயணைப்புத் துறையினருக்கும் முழு வகுப்பு வேண்டாம். டூர்னிகெட், காஸ் திணிப்பு, தாடை உயர்த்துவது, ஆம்பு பேக் அழுத்துவது: அரை நாள் போதும். வண்டி வரும்முன் அங்கே நிற்பது அவர்கள்தான்.

பணம் கட்டும் முன் மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? ஆறுக்கு மேல் என்றால் கை பழகாது. மேசையில் இருப்பவை நம் வண்டியில் இருக்கும் மாதிரிக் கருவிகளா? பயிற்சிக்கு வைத்திருக்கும் டூர்னிகெட் நீல நிறத்தில் தனியாக இருக்கிறதா? ஏனென்றால் நூறு முறை திருகிய பட்டை தேய்ந்துபோயிருக்கும். அதைக் கழுவி வண்டிப் பையில் வைத்தால் தேவைப்படும் நாளில் திருகுகோல் முறிந்து கையோடு வந்துவிடும்.