சிவப்பா, அகச்சிவப்பா: எதிர்ப்புச் செல்களுக்கு எந்த லேசர்?

குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை என்பது புண்ணுக்கும் அழற்சிக்கும் மெல்லிய ஒளியைக் காட்டுவது. உடலின் நோய் எதிர்ப்புச் செல்களுக்கு எந்த ஒளி நல்லது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. 630 முதல் 680 நானோமீட்டர் வரையிலான அலைநீளம் கொண்ட சிவப்பு லேசர் ஒன்று. 780 முதல் 850 வரையிலான, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் மற்றொன்று.

மூப்பு சிவப்புக்குத்தான். 1967இல் புடாபெஸ்ட் நகரில் எந்த்ரே மெஸ்தர், ரோமம் மழித்த எலிகள்மேல் 694 நானோமீட்டர் ரூபி லேசரைக் காட்டினார். ஒளி பட்ட எலிகளுக்கு ரோமம் சீக்கிரமே வளர்ந்தது. இந்த ஒளி திசுவைச் சுடுவதில்லை. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி அதை உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் இன்று அதிகம் ஏற்கப்படும் விளக்கம். அந்த நொதி சிவப்பையும் வாங்கிக்கொள்ளும், அகச்சிவப்பையும் வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் வித்தியாசம் எங்கே? ஆழத்தில். சிவப்பு ஒளியைத் தோலின் மெலனினும் ரத்தத்தின் ஹீமோகுளோபினும் வழியிலேயே கணிசமாக விழுங்கிவிடுகின்றன. தோலில் மேலாக இருக்கும் மாஸ்ட் செல்கள், புண்ணில் வந்து குவியும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள் ஆகிய எதிர்ப்புச் செல்களுக்குச் சிவப்பு போதும். மூட்டுக்குள் இருக்கும் செல்களைத் தொட வேண்டுமென்றால் அகச்சிவப்புதான் சரி.

ஆனால் கிருமிகளையும் கழிவையும் விழுங்கும் எதிர்ப்புச் செல்களான மேக்ரோபேஜ்களைப் பார்க்கும்போது இந்தக் கட்சிப் பிரிவே ஆட்டம் காண்கிறது. 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதே வகைச் செல்கள்மேல் 660, 820, 870, 880 என நான்கு அலைநீளங்களைப் பாய்ச்சினார்கள். முதல் மூன்றும் பட்ட செல்கள், புண் ஆற உதவும் நார்த்திசுச் செல்களைப் பெருகச் செய்யும் பொருள்களைச் சுரந்தன. 880 பட்டவை அப்படிச் செய்யவில்லை. 870க்கும் 880க்கும் இடையே பத்தே நானோமீட்டர்! அதில் 660 ஒளி லேசரே அல்ல, சாதாரண ஒளி. லேசர் அல்லாத ஒளி தரும் எல்இடி கருவியை மட்டம் என்று ஒதுக்குவதை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லின் நிலையும் முக்கியம். அமைதியாக இருக்கும் செல்லில் இந்த ஒளி என்எஃப் கப்பா பி என்ற அழற்சிப் பாதையைக் கொஞ்சம் தூண்டுகிறது. ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் செல்லில் அதே ஒளி டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிச் சைட்டோகைன்களை, அதாவது செல்கள் அனுப்பும் அழற்சிச் செய்திப் புரதங்களை, குறைக்கிறது. சண்டை போடும் எம்1 மேக்ரோபேஜ்கள், புண்ணை ஆற்றும் எம்2 பக்கம் சாய்வதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. வெறுமனே எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று இதை விற்பது அதனால்தான் தவறு.

அளவும் அப்படித்தான். சதுர சென்டிமீட்டருக்குச் சில ஜூல் ஒளி ஆற்றல் பலன் தரும். அதையே பல மடங்காக்கினால் பலன் மறைந்துபோகும், எதிராகவும் திரும்பலாம்.

என் தேர்வு இதுதான். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுவோருக்கு வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, வாய்க்குள்ளேயே காட்டும் சிவப்பு. சர்வதேச வழிகாட்டுதல்களே இந்த ஒளிச் சிகிச்சையைப் பரிந்துரைக்கும் இடம் இது. மூட்டுக்கும் தசைநாணுக்கும் அகச்சிவப்பு. அதற்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: அந்த ஒளி தெரியாததால் கண் தானாக இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளாது.