முழங்கால் இரண்டாம் தடவை ஆபரேஷன் செய்தவர்கள் வீட்டில் இருந்தால் வாசியுங்கள்: வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறோம் என்று எங்களிடம் 186,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்

இன்றைக்குக் காலையில்தான் கடைசியாக அவர்கள் போனை எடுத்தார்கள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அப்புறம் எத்தனை தடவை எடுத்தும் லைன் போகவில்லை, பிளொக் செய்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் நடந்ததைச் சொல்கிறேன், கடைசியில் என்னென்ன பார்த்து பிசியோதெரபிக்கு ஆளைப் பிடிக்க வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் வழக்குப் போடுவோம் என்று வாட்ஸ்அப்பில் மிரட்டியும் இருக்கிறார்கள். பேஸ்புக்கில் விளம்பரம் செய்து, மலையகம் முழுக்க வீட்டுக்கே ஆள் அனுப்பி பிசியோதெரபி செய்து தருகிறோம் என்று சொல்கிற ஒரு சேவை. இப்போதைக்கு அது போதும்.

அம்மா 31 வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கூடையோடு மலை ஏறி இறங்கியே இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனது. 2009இல் வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள். பதினாறு வருடம் அது தாங்கியது. பிறகு மூட்டு எலும்பிலிருந்து தளர்ந்துவிட்டது, கால் வைத்தாலே உள்ளே ஏதோ ஆடுகிறது என்று அழுவார். கண்டியில் இரண்டாம் தடவை ஆபரேஷன் செய்தோம்.

இந்த இரண்டாவது ஆபரேஷன் முதலாவது மாதிரி இல்லை. பழைய மூட்டைக் கழற்றும்போது கொஞ்சம் எலும்பும் சேர்ந்து போகும். அதனால் மேல் எலும்புக்குள்ளும் கீழ் எலும்புக்குள்ளும் நீளமான தண்டு இறக்கிப் புது மூட்டை நிறுத்துவார்கள். பழைய தழும்பு வேறு உள்ளே இறுகிக் கிடக்கும். அம்மாவுக்கு மூட்டைத் திறக்கவே வழியில்லாமல், முட்டிச்சில்லுக்குக் கீழே தசைநார் பிடித்திருக்கும் இடத்தில் எலும்பை ஒரு துண்டாக வெட்டித் தூக்கி, வேலை முடிந்ததும் திரும்ப வைத்துக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அந்தத் துண்டு ஒட்டும் வரைக்கும் கால் கவனம். ஆறு வாரத்துக்கு பலவந்தமாக மடக்கக் கூடாது, காலைத் தன் பலத்தில் நேராகத் தூக்கக் கூடாது, நடக்கும்போது முழங்காலை ஆடாமல் பிடிக்கிற பட்டியைக் கழற்றக் கூடாது. இதையெல்லாம் டொக்டர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டில் எழுதி, எனக்கும் தமிழில் சொல்லி அனுப்பினார். "காலைத் தொடுகிற யாராக இருந்தாலும் முதலில் இந்தக் கார்டை வாசிக்கச் சொல்லுங்க" என்றார். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஆனாலும் நான் அப்படிச் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. ரோட்டிலிருந்து எங்கள் வாசலுக்குப் பதினான்கு படி. கக்கூஸ் குந்தி உட்காருகிற மாதிரி. கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேன் பிடித்தால் ஒரு தடவைக்கு 18,000 ரூபாய். பஸ்ஸில் நீட்டிய காலோடு உட்கார இடமில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி வேண்டும், எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்த இரவில்தான் அந்த விளம்பரம் என் போனில் வந்தது.

வந்த ஆள் வெள்ளைச் சேர்ட், கழுத்தில் அட்டை. செருப்பை வாசலில் கழற்றி வைத்து, கை கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் குதிகாலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "எங்க அம்மாவும் மலைக்குப் போனவங்கதான். தீவாளிக்கு நீங்களே கோயில் படி ஏறுவீங்கம்மா" என்றார். அம்மாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த ஒரு நிமிடத்தில் எங்களை வாங்கிவிட்டார். நான் கார்டை எடுத்து நீட்டினேன். வாங்கினார். மடிப்பைப் பிரிக்கவே இல்லை, தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். இன்றைக்கு வரைக்கும் என்னை அரிக்கிறது அதுதான்.

24 நாள் வருவார்கள், ஒரு நாளைக்கு 6,000 ரூபாய். அதற்கு மேலே காலைத் தானாக மடக்கி நீட்டுகிற ஒரு மெஷின், ஆறு வார வாடகை 42,000 ரூபாய். ஆகமொத்தம் 186,000. முழுக்க முன்னாலேயே கட்டினால்தான் மெஷினை வேறு நோயாளிக்குக் கொடுக்காமல் எங்களுக்கு வைப்பார்களாம். "அவன் நல்ல பையனாத்தான் தெரியிறான் புள்ள, கட்டிரு" என்றார் அம்மா. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி ஒரு லட்சம் அனுப்பினான். மிச்சம் 86,000க்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தேன். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், தோட்டத்தில் 137 பேர், அதாவது 137 நாள் வேலை, போட்டாலும் இந்தக் காசு முழுசாக வராது. அப்படிப்பட்ட காசு அது.

24 நாளில் அவர்கள் வந்தது நான்கு நாள்.

மெஷின் இரண்டாம் நாள்தான் வந்தது. பாதம் வைக்கிற தட்டு உடைந்து ரப்பர் பட்டியால் கட்டியிருந்தது. நாற்பது பாகைக்கு மேலே மடக்கப் போகும்போது மோட்டார் கறகற என்று நின்றுவிடும். டெக்னீசியன் வருவார் என்றார்கள், வரவில்லை. இந்த மெஷினே எல்லாருக்கும் தேவையில்லை, நீண்ட காலப் பலன் பெரிதாக இல்லை என்று பிறகு ஆஸ்பத்திரி பிசியோதெரபி மிஸ் சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது.

நான்காம் நாளைச் சொல்ல வேண்டும். அந்த ஆள் அவசரத்தில் வந்தார், வெளியில் ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு. பட்டியைக் கழற்றி, அம்மாவைக் காலை நேராகத் தூக்கச் சொன்னார். டொக்டர் வேண்டாம் என்றாரே என்றேன். "அதெல்லாம் பழைய முறை டீச்சர்" என்றார். பிறகு அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, கணுக்காலைப் பிடித்துத் தன் தோளால் தள்ளினார். அம்மா வாயில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். "நூறு வந்திருச்சு, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த ஆள். கோணம் அளக்க ஒன்றுமே கையில் இல்லை. கண்ணால் பார்த்துச் சொன்ன நூறு.

அன்றிரவு முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. தொட்டால் சுட்டது. விடிந்ததும் வேன் பிடித்துக் கண்டிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் எலும்புத் துண்டும் கட்டிய கம்பியும் அசையவில்லை, அது மட்டும் ஆண்டவன் புண்ணியம். உள்ளே இரத்தம் கட்டியிருந்தது. டொக்டர் பிளாஸ்டிக் அளவுகோலை முழங்கால் பக்கம் வைத்து அளந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது 55 பாகை மடங்கிய கால், அன்றைக்கு 40. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் துண்டு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும், பிறகு காலை நீட்டவே முடியாமல் போயிருக்கும் என்றார். மூன்று வாரம் மடக்குகிற பயிற்சியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்.

மற்றவர்களுக்குத் தெரியாது, இந்த மூன்று வாரம் எவ்வளவு பெரிய நஷ்டம் என்று. தழும்பு ஒவ்வொரு நாளும் இறுகிக்கொண்டே போகும். சாதாரணமாக நடக்க எழுபது பாகை வரை மடங்கினால் சமாளிக்கலாம். படி ஏற, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்ப, தொண்ணூறும் அதற்கு மேலும் வேண்டும். இப்போது பதினோராவது வாரம், அம்மாவின் கால் மடங்குவது 70 பாகை. காசு கொடுத்தும் போனது பாகைதான்.

இனி அவர்கள் சொன்ன சாட்டுகள். முதல் நாள் "சேர் மீட்டிங்கில்". அடுத்த நாள் "சேர் திரும்ப எடுப்பார்". மூன்றாம் நாள் கினிகத்தேனைப் பக்கம் மண்சரிவு, ரோட் மூடியிருக்கிறது, ஆள் வர முடியாது என்றார்கள். அதே நேரம் தம்பி கண்டி பஸ்ஸில் அந்த ரோட்டால்தான் வந்துகொண்டிருந்தான். வீட்டுக்குள் வந்து "ஒரு கல்லுகூட விழல அக்கா" என்றான். வீக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "ஆபரேஷன் சரியில்லை, டொக்டரிடம் கேளுங்க" என்று பதில் வந்தது. மிச்ச இருபது நாளுக்கான 120,000ஐயாவது தாருங்கள் என்று கெஞ்சினேன். பெக்கேஜ் காசு திருப்பித் தருவதில்லை, நீங்கள்தான் பாதியில் நிறுத்தினீர்கள் என்றார்கள். வாடகை முடிந்த மெஷினைக் கொண்டுவந்து தராவிட்டால் நாளுக்கு 1,000 ரூபாய் தண்டமாம்! அந்த உடைந்த மெஷின் இன்னும் எங்கள் முன்னறையில் கிடக்கிறது.

பொலிஸில் எழுதிக்கொண்டார்கள். ரசீது எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது வங்கி ஸ்லிப் மட்டும், அதுவும் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போட்டது. நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைத்துச் சொன்னேன்.

இப்போது அரசாங்க ஆஸ்பத்திரி பிசியோதெரபிக்குப் போகிறோம். காசில்லை. அந்த மிஸ் முதல் நாள் அம்மாவைத் தொடுவதற்கு முன் கார்டை இரண்டு தடவை வாசித்தார், டொக்டருக்குப் போனும் எடுத்தார். குதிகாலைக் கட்டிலில் இழுத்து இழுத்து மெதுவாக மடக்குவது, கணுக்காலுக்குக் கீழ் சுருட்டிய துவாயை வைத்துக் காலை நேராக விடுவது, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. முழங்காலுக்குக் கீழ் தலையணை வைக்கவே கூடாதாம், கால் வளைந்தபடி நின்றுவிடுமாம். சுகமாக இருக்கட்டும் என்று இரண்டு மாதமாக நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். நேரமாகிவிட்டது, அம்மாவுக்கு ஐஸ் வைக்க வேண்டும், அதனால் சுருக்கமாக. முழுக் காசையும் முன்னால் கட்டாதீர்கள், வந்துபோன நாளுக்கு மட்டும் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கும், இலக்கத்தைக் கேளுங்கள், கழுத்தில் தொங்குகிற அட்டையை நம்பாதீர்கள். கார்டை வாசிக்காதவரைக் காலில் கை வைக்க விடாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காயம் சிவந்து நீர் வடிந்து காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினால் உடனே 1990, அம்புலன்ஸ் இலவசம்.

ஒன்று விட்டுப்போனது. நேற்றிரவு அதே விளம்பரம் வேறு பெயரில் ஓடுவதைப் பார்த்தேன். அதே முழங்கால் படம், அதே வாசகம், பெக்கேஜ் மட்டும் இப்போது 210,000. ஊர் என்று பண்டாரவளை, பதுளை, அப்புத்தளை போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் இருந்தால் இன்றைக்கே இதை அனுப்பிவிடுங்கள்.